துணைநூற்பட்டியல் அமைப்பது எப்படி? குமரி மாவட்ட ஆய்வாளர்களுக்கு ஒரு கையேடு

துணைநூற்பட்டியலுக்கு ஒரே ஒரு வேலைதான். உங்கள் கட்டுரையைப் படிப்பவர், நீங்கள் பார்த்த அதே நூலை, அதே பதிப்பை, அதே கோப்பை உங்களிடம் கேட்காமலே தேடி எடுத்துவிட வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அந்தத் தேடலுக்குக் கைகாட்டிகள். இது மனதில் பட்டுவிட்டால் விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

குமரி மாவட்டத்தைப் பற்றி எழுதுபவர்களுக்கு இந்த வேலை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. லண்டனில் அச்சான மிஷனரி நூல், மலையாளத்தில் எழுதிய அரசாணை, கொல்லம் ஆண்டு (மலையாள நாட்காட்டி ஆண்டு) போட்ட கோப்பு, கல்வெட்டுத் தொகுதி, ஓலைச்சுவடி, வில்லிசைக் கலைஞரின் நேர்காணல் என எல்லாம் ஒரே கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கும். பொதுவான வழிகாட்டிகள் இவற்றில் பாதியைத் தொடுவதே இல்லை. அதனால் அவை எளிதாக விட்டுவிடும் இடங்களில் இங்கே கூடுதல் நேரம் நிற்கிறோம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரு விதி: மூலத்தில் அச்சானது அச்சானபடியே இருக்கட்டும், நீங்கள் சேர்ப்பது சதுர அடைப்புக்குள் போகட்டும். எது ஆவணம் சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று படிப்பவருக்குப் பிரித்துத் தெரிய வேண்டும்.

நூல் கையில் இருக்கும்போதே

பட்டியலைக் கடைசி வாரத்தில் தொடங்குவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். நூலைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். விடுபட்ட ஆண்டு ஒன்றுக்காகத் திருவனந்தபுரத்துக்கு மறுபடி பஸ் ஏற வேண்டிவரும். நூலைத் திறந்த முதல் நாளிலேயே கைபேசியில் மூன்று படம் எடுத்துவிடுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்புறம் உள்ள பதிப்பு விவரப் பக்கம், நீங்கள் மேற்கோள் எடுத்த பக்கம். மேலட்டையை நம்ப வேண்டாம். அட்டையில் தலைப்பைச் சுருக்கியிருப்பார்கள், துணைத்தலைப்பு இராது, தொகுதி எண்ணும் இராது. அட்டையும் தலைப்புப் பக்கமும் மாறுபட்டால் தலைப்புப் பக்கம் சொல்வதே கணக்கு.

கட்டுரை என்றால் இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண், மாதம், ஆண்டு, கட்டுரை தொடங்கி முடியும் பக்கங்கள் ஆகிய ஆறும் வேண்டும். இங்கே பலரும் சறுக்குவது பக்க எண்ணில். பட்டியலில் வருவது கட்டுரையின் முழுப் பக்க எல்லை. நீங்கள் மேற்கோள் எடுத்த ஒற்றைப் பக்கம் கட்டுரைக்குள்ளோ அடிக்குறிப்பிலோதான் வரும். நூலுக்கு மொத்தப் பக்க எண்ணிக்கை தேவையில்லை. அது நூலக அட்டைக்கு உரியது.

எந்த முறை?

முதல் கேள்வி உங்கள் துறைக்கோ இதழுக்கோ போக வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளில் படிப்பவர்கள், துறை தரும் ஆய்வேட்டு விதிமுறைத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அதன்படியே போகலாம். அதில் தெளிவில்லை என்றால் உலக அளவில் புழங்கும் மூன்றில் ஒன்றை எடுங்கள். சமூக அறிவியல், கல்வியியல், உளவியலுக்கு ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை; ஏழாம் பதிப்பு, 2019). மொழி, இலக்கியத்துக்கு எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற மொழிச் சங்கத்தின் முறை; ஒன்பதாம் பதிப்பு, 2021). வரலாற்றுக்குச் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அடிக்குறிப்பு முறை.

வேறுபாட்டை ஒரு நூலை வைத்தே பார்த்துவிடலாம். சுசீந்திரம் கோயிலைப் பற்றிக் கே. கே. பிள்ளை எழுதிய ஆங்கில நூல் 1953இல் சென்னையில் கலாக்ஷேத்ரா வெளியீடாக வந்தது. இங்கே தமிழெழுத்தில் காட்டுகிறோம். உங்கள் தாளில் ஆங்கில நூலின் பதிவு ஆங்கில எழுத்திலேயே இருக்க வேண்டும்.

ஏபிஏ: பிள்ளை, கே. கே. (1953). தி சுசீந்திரம் டெம்பிள். கலாக்ஷேத்ரா பப்ளிகேஷன்ஸ்.

எம்எல்ஏ: பிள்ளை, கே. கே. தி சுசீந்திரம் டெம்பிள். கலாக்ஷேத்ரா பப்ளிகேஷன்ஸ், 1953.

தமிழ்த் துறைகளில் வழங்குவது: பிள்ளை, கே. கே. (1953). தி சுசீந்திரம் டெம்பிள். மெட்ராஸ்: கலாக்ஷேத்ரா பப்ளிகேஷன்ஸ்.

ஏபிஏ முறையில் ஆண்டு இரண்டாம் இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் கட்டுரைக்குள் "(பிள்ளை, 1953)" என்று ஆண்டைச் சொல்லித்தான் அனுப்புகிறோம். எம்எல்ஏ கட்டுரைக்குள் "(பிள்ளை 112)" என்பதுபோல் பக்கத்தைச் சொல்கிறது. அதனால் ஆண்டு கடைசிக்குப் போய்விடுகிறது. ஏபிஏ ஏழாம் பதிப்பு, பதிப்பித்த ஊரை விட்டுவிட்டது. தமிழ் நூல்களுக்கு ஊரைக் கொடுப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். பழைய சிறு பதிப்பகங்களையும் அச்சகங்களையும் ஊர் இல்லாமல் அடையாளம் காண முடியாது.

இதே நூலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் ஊர்ப்பெயரில் 'சி' எழுத்துக்குப் பின் 'ஹெச்' கிடையாது. இன்றைய வழக்கு வேறு என்பதால் பலர் அதைத் "திருத்தி" விடுகிறார்கள். திருத்திய எழுத்துக்கூட்டலை நூலக அட்டவணையில் தட்டினால் நூல் வராமல் போகலாம்.

பெயர்தான் பாதி வேலை

தமிழ்ப் பெயரில் முன்னெழுத்து முன்னால் நிற்கும். பட்டியலில் அது பின்னால் போகும்: சு. முத்துக்குமார் என்பது "முத்துக்குமார், சு." என்றாகும். மேலை நாட்டவர் பெயரில் குடும்பப்பெயர் முதலில் வரும்: சாமுவேல் மேட்டீர் என்பது "மேட்டீர், சாமுவேல்". இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு. தமிழில் முன்னெழுத்து தந்தை பெயருக்கோ ஊருக்கோ வீட்டுப்பெயருக்கோ உரியது. முதன்மைப் பெயர் அவருடைய சொந்தப் பெயர். அதனால் அந்தச் சொந்தப் பெயரை உடைக்கக் கூடாது.

சாதிப் பின்னொட்டு வரும் இடத்தில்தான் குழப்பம். டி. கே. வேலுப்பிள்ளையை "வேலுப்பிள்ளை, டி. கே." என்று எழுத வேண்டும். "பிள்ளை, டி. கே. வேலு" என்று எழுதினால் அவர் வேறொருவர் ஆகிவிடுகிறார். ஆனால் கே. கே. பிள்ளைக்கு, முன்னெழுத்துகளை நீக்கினால் மிஞ்சுவது "பிள்ளை" மட்டும்; அங்கே அதுவே தலைச்சொல். நாகம் அய்யாவை வேலுப்பிள்ளைபோலவே உடைக்காமல் எழுத வேண்டும்: "நாகம் அய்யா, வி."

முன்னெழுத்தை மொழி மாற்றாதீர்கள். ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் தமிழில் "டி" என்றே எழுதப்படுகின்றன. தங்கையாவின் "டி"யும் தேவசகாயத்தின் "டி"யும் தமிழ்த்தாளில் ஒன்றுபோல நிற்கும். தமிழ் நூலில் "டி." என்று அச்சாகியிருந்தால் "டி." என்றே விடுங்கள். "த." என்றோ "தே." என்றோ ஊகித்து மாற்ற வேண்டாம். ஒரே ஆசிரியர் ஒரு நூலில் "எஸ்." என்றும் மற்றொன்றில் "ச." என்றும் போட்டிருந்தால், ஒரு வடிவத்தைத் தலைச்சொல்லாகக் கொண்டு மற்றதைச் சதுர அடைப்பில் காட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் ஒருவர் இருவராகிவிடுவார்.

முனைவர், பேராசிரியர், அருட்பணி, ரெவரெண்ட், திவான் பகதூர் போன்ற பட்டங்கள் எதுவும் பட்டியலில் வேண்டாம். ஆசிரியர் பெயரே இல்லாத நூல் தலைப்பால் தொடங்கும். "ஆசிரியர் இல்லை" என்று எழுதி அந்தச் சொல்லின் கீழ் அகரவரிசைப்படுத்தக் கூடாது. அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை போன்ற ஒரு நூலைத் தலைப்பின் கீழ் "அ" வரிசையில் வைக்கலாம். ஆனால் எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் வைக்காதீர்கள். பாடமும் அடி எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

பதிப்பாசிரியர், தொகுப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரைச் சுருக்கும்போது "பதி." என்று எழுதாதீர்கள். அது பதிப்பா, பதிப்பாசிரியரா, பதிப்பகமா என்று யாருக்கும் தெரியாது. "ப.ஆ.", "தொ.ஆ.", "மொ.பெ." என்று பிரித்து எழுதி, சுருக்கக் குறியீட்டு அட்டவணையில் ஒருமுறை விளக்கிவிடுங்கள்.

ஒரே தலைப்பு, இரண்டு நூல்

"ஸ்டேட் மானுவல், தொகுதி 2" என்று மட்டும் அடிக்குறிப்பு போடும் ஆய்வேடுகள் நிறைய. திருவாங்கூர் ஸ்டேட் மானுவல் (திருவாங்கூர் சமஸ்தானக் கையேடு) என்ற தலைப்பில் இரண்டு நூல்கள் உண்டு. நாகம் அய்யா எழுதியது 1906இல் மூன்று தொகுதிகளாகவும், வேலுப்பிள்ளை எழுதியது 1940இல் நான்கு தொகுதிகளாகவும் வந்தன. இரண்டிலும் இரண்டாம் தொகுதி இருக்கிறது. ஆசிரியரும் ஆண்டும் இல்லாமல் படிப்பவர் எதை எடுப்பார்? இப்படி எழுதுங்கள்:

நாகம் அய்யா, வி. (1906). தி திருவாங்கூர் ஸ்டேட் மானுவல் (தொகுதி 2). டிரிவாண்ட்ரம்: திருவாங்கூர் கவர்ன்மென்ட் பிரஸ்.

மூன்று தொகுதியையும் பயன்படுத்தியிருந்தால் "(3 தொகுதிகள்)" என்று ஒரே பதிவு போதும். தொகுதி எண் கட்டுரைக்குள் வரட்டும்.

மறு அச்சுகளிலும் கவனம் வேண்டும். மேட்டீரின் "தி லேண்ட் ஆஃப் சாரிட்டி" 1871இல் லண்டனில் வந்தது. நம் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் புதுதில்லியின் மறு அச்சு. பக்கம் புரட்டியது மறு அச்சில் என்றால் அந்த ஆண்டைப் போட்டு, முதல் பதிப்பின் ஆண்டையும் சேர்க்க வேண்டும்: "(1991). ... (முதல் பதிப்பு 1871)". வெறுமனே 1991 என்று போட்டால், அந்தக் கால மிஷனரி ஒருவர் 1990களில் எழுதியதுபோல ஆகிவிடும். வெறுமனே 1871 என்று போட்டால், நீங்கள் பார்க்காத பதிப்பைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். இரண்டும் தவறு.

கொல்லம் ஆண்டைக் கையாளுதல்

திருவாங்கூர்க் கோப்புகளிலும் பழைய பத்திரங்களிலும் வருவது கொல்லம் ஆண்டு. அது ஆவணி முதல் நாளில், அதாவது ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. எனவே ஒரே எண்ணைக் கூட்டி எல்லாத் தேதியையும் மாற்ற முடியாது. ஆவணி முதல் கார்த்திகை வரை (சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம்) 824 கூட்டுங்கள். தை முதல் ஆடி வரை (மகரம் தொடங்கிக் கர்க்கடகம் வரை) 825 கூட்டுங்கள். மார்கழி (தனு) டிசம்பரிலும் ஜனவரியிலும் பாதிப் பாதியாக விழுவதால் நாளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சரிபார்க்க இரண்டு தேதிகளை நினைவில் வையுங்கள். ஊரில் பெரியவர்கள் "தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்" என்று சொல்லும் பெருவெள்ளம் 1099 கர்க்கடகத்தில் வந்தது. 825 கூட்டினால் 1924 ஜூலை. குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1, கொல்லம் 1132 துலாம். 824 கூட்டினால் சரியாக வருகிறது.

பட்டியலில் "கொ.ஆ. 1099 கர்க்கடகம் [1924]" என்று எழுதுங்கள். மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் இருந்தால் "கொ.ஆ. 1099 [1923–24]". கொல்லம் ஆண்டை அழித்துவிட்டு ஆங்கில ஆண்டை மட்டும் போட்டால், காப்பகத்தில் கேட்கப் போகிறவருக்குக் கோப்பு கிடைக்காது. அங்குள்ள பதிவேடு கொல்லம் ஆண்டில்தான் இருக்கும். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சான தமிழ் நூல்களுக்கும் இதே வழிதான். அதில் 31ஐக் கழித்து வருவதை அடைப்பில் காட்டுங்கள்.

எந்த அரசு, எந்த ஊர்?

அரசு வெளியீட்டில் அந்த அரசுத் துறையே ஆசிரியர். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 1949 வரை திருவாங்கூர் அரசு, பிறகு 1956 வரை திருவாங்கூர்-கொச்சி அரசு, அதன்பின் மெட்ராஸ் அரசு, 1969 முதல் தமிழ்நாடு அரசு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் 1951 மக்கள்தொகைக் கணக்கு திருவாங்கூர்-கொச்சித் தொகுதியில் இருக்கிறது. 1961 கணக்கு மெட்ராஸ் தொகுதியில். இரண்டையும் "தமிழ்நாடு அரசு" என்று எழுதினால் தேடுபவர் தவறான தொகுதியைப் புரட்டிக்கொண்டிருப்பார். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. அரண்மனையைப் பற்றி அந்தத் துறை வெளியிட்டதற்கு ஆசிரியர் கேரள அரசு தொல்லியல் துறையே.

ஊர்ப்பெயரும் அச்சானபடியே இருக்கட்டும்: டிரிவாண்ட்ரம், மெட்ராஸ். தேவையென்றால் "டிரிவாண்ட்ரம் [திருவனந்தபுரம்]" என்று சேர்க்கலாம்.

நூல் அல்லாதவை

காப்பக ஆவணத்துக்குப் பதிவு பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்க வேண்டும்: காப்பகம், ஊர், ஆவணத் தொகுப்பின் பெயர், கட்டு எண், கோப்பு எண், தேதி. கோப்புக்குத் தலைப்பு இல்லாவிட்டால் நீங்களே சிறு விவரம் தந்து அதைச் சதுர அடைப்பில் இடுங்கள். 1956க்கு முந்தைய நம் பகுதி ஆவணங்கள் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், "அரசு ஆவணக் காப்பகம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எழும்பூருக்குப் போய் நிற்பார். காப்பகத்தின் முழுப்பெயர் கட்டாயம்.

கல்வெட்டுக்குத் தொகுதியின் பெயர், தொகுதி எண், கல்வெட்டு எண், பக்கம் இவை வேண்டும். திருவாங்கூர் ஆர்க்கியாலஜிக்கல் சீரிஸ் பல தொகுதிகளாக, பல பதிப்பாசிரியர்களால் வந்தது. எனவே அந்தந்தத் தொகுதியின் பதிப்பாசிரியரையும் ஆண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். நேரில் போய்ப் படித்த கல்வெட்டானால் இருக்கும் இடத்தையும் ("கோயில், தெற்குச் சுவர், அதிட்டானம்"), படித்த நாளையும் எழுதுங்கள்.

ஓலைச்சுவடிக்குச் சுவடியின் பெயர், சுவடி எண், ஏட்டு எண், இருக்குமிடம். தனியார் வீட்டுச் சுவடி என்றால் வீட்டாரின் ஒப்புதல் இல்லாமல் முகவரியை எழுதாதீர்கள்; "தனியார் சேமிப்பு, ஊர்" என்பது போதும்.

வில்லுப்பாட்டுக் கலைஞர், மீனவர், வைத்தியர் ஆகியோரிடம் எடுத்த நேர்காணல்களை ஏபிஏ முறை பட்டியலில் சேர்ப்பதில்லை. படிப்பவர் அதைத் திரும்பப் பெற முடியாது என்பது காரணம். கட்டுரைக்குள் பெயரும் தேதியும் சொன்னால் போதும். ஆனால் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளில் "தகவலாளர் பட்டியல்" என்று தனிப் பின்னிணைப்பு வைப்பது நம் வழக்கம்; அது நல்ல வழக்கம். பெயர், வயது, தொழில், ஊர், நேர்காணல் நாள் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்றவருக்குத் "தகவலாளர் 7" என்று எண் கொடுங்கள்.

செய்தித்தாளுக்குத் தேதியும் பக்கமும் மட்டும் போதாது, பதிப்பும் வேண்டும். நாகர்கோவில் பதிப்பில் வந்த உள்ளூர்ச் செய்தி சென்னைப் பதிப்பில் பெரும்பாலும் இராது.

ஆய்வேடுகளை ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) பார்த்திருந்தால், உலாவியின் மேற்பட்டையில் உள்ள நீண்ட முகவரியை ஒட்டாமல், அந்தப் பக்கத்திலேயே தரப்பட்டுள்ள 10603 என்று தொடங்கும் நிலையான ஹேண்டில் எண்ணைக் கொடுங்கள். தமிழ் இணையப் பக்கங்களின் முகவரியை நகலெடுத்தால் சதவீதக் குறியும் எண்ணுமாகப் பல வரிக்கு நீளும். அதைத் தமிழெழுத்தாகவே மாற்றி இடுங்கள், அல்லது பக்கம் தரும் சுருக்க இணைப்பை எடுங்கள். மாறக்கூடிய பக்கத்துக்குப் பார்த்த நாள் அவசியம். டிஓஐ எண் (இணையக் கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்) இருக்கும் கட்டுரைக்குப் பார்த்த நாள் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தரும் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். உள்ள ஆசிரியர் பெயரில் இல்லாத நூலை, பக்க எண்ணோடு, அழகாக அமைத்துத் தரும். நீங்கள் கையால் தொடாத அல்லது திரையில் திறக்காத எதற்கும் பட்டியலில் இடமில்லை.

அகரவரிசை கணினிக்கு முழுதாகத் தெரியாது

தமிழ் அகராதி வரிசையில் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று போய், அதன்பின் ஜ, ஷ, ஸ, ஹ வரும். யூனிகோடு எண் வரிசையோ ச அடுத்து ஜ, ந அடுத்து ன, ர அடுத்து ற என்று போகிறது. மென்பொருள் இந்த எண்ணை வைத்து அடுக்கினால் "வன்னியப்பெருமாள்" முன்னாலும் "வள்ளியம்மாள்" பின்னாலும் வரும். சரியான வரிசையில் வள்ளியம்மாளே முதலில். புள்ளி எழுத்திலும் இதே தவறு நேரும்: அகராதியில் "சுப்பையா"வுக்குப் பின்புதான் "சுபாஷ்", கணினி தலைகீழாக்கிவிடும். நம் மாவட்டத்தில் ஜெயராஜ், ஜஸ்டின், ஸ்டீபன் போன்ற பெயர்கள் ஏராளம். அவற்றைக் கடைசியில் வைப்பதா, "ச" வரிசையோடு சேர்ப்பதா என்று ஒன்றை முடிவுசெய்து பட்டியல் முழுக்க அதையே பின்பற்றுங்கள். கணினி அடுக்கியபின் கண்ணால் ஒருமுறை இறங்கிவர வேண்டும்.

அடுக்குவதற்கு முன் எழுத்தையும் சரிபாருங்கள். "ஔ" வர வேண்டிய இடத்தில் ஒ, ள இரண்டையும் தட்டியிருந்தால் பெயர் வேறு வரிசைக்குப் போய்விடும். துணைக்காலுக்குப் பதில் "ர" தட்டியிருப்பதும் உண்டு. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய பகுதிகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்; மாற்றாமல் அடுக்கினால் வரிசைக்குப் பொருளே இராது.

ஏபிஏ முறையில் ஒரே ஆசிரியரின் நூல்கள் பழையதிலிருந்து புதியதற்குப் போகும். ஒரே ஆண்டில் இரண்டு என்றால் 1998அ, 1998ஆ. கட்டுரைக்குள்ளும் அதே எழுத்து வர வேண்டும். தனியாக எழுதியவை முன்னால், மற்றவரோடு சேர்ந்து எழுதியவை பின்னால். தமிழ், ஆங்கிலம், மலையாளம் கலந்திருந்தால் மொழிவாரியாகப் பிரிப்பதே படிப்பவருக்கு எளிது. ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூலைக் குறித்தால் தலைப்பை ரோமன் எழுத்தில் பெயர்த்து, அதன் ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்பில் கொடுங்கள். ல, ழ, ள மூன்றையும் வேறுபடுத்தும் முறையாக அது இருக்கட்டும்.

பக்கத்தில் அமைத்தல்

பட்டியல் புதிய பக்கத்தில், தனித் தலைப்போடு தொடங்கட்டும். 2018ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி கருத்துத்திருட்டுச் சோதனையில் துணைநூற்பட்டியல் கணக்கில் சேராது. தனியாக இருந்தால் அதை விலக்கிச் சோதிப்பது எளிது.

ஒவ்வொரு பதிவிலும் முதல் வரி இடது ஓரத்திலும், அடுத்த வரிகள் அரை அங்குலம் (1.27 செ.மீ.) உள்ளேயும் நிற்க வேண்டும். அப்போதுதான் பெயர்கள் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். வேர்டில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியில் ஸ்பெஷல் என்பதன் கீழ் ஹேங்கிங் தேர்ந்து 1.27 கொடுங்கள். லிப்ரெஆஃபீஸில் பத்தியின் இடது உள்தள்ளலை 1.27 என்றும் முதல் வரியை −1.27 என்றும் வையுங்கள். ஸ்பேஸ் தட்டியோ நடுவில் என்டர் தட்டியோ செய்தால், எழுத்தளவை மாற்றியதும் வரிகள் சிதறும். அதோடு, உடைந்த ஒவ்வொரு வரியையும் கணினி தனிப் பதிவாக எண்ணி அகரவரிசையில் எங்கோ தூக்கிப் போட்டுவிடும்.

ஏபிஏ, எம்எல்ஏ இரண்டுக்கும் இரட்டை வரி இடைவெளி. பதிவுகளுக்கு நடுவே கூடுதல் வெற்று வரி வேண்டாம். எண்ணோ புள்ளியோ இடவும் வேண்டாம். நூல் தலைப்பும் இதழ்ப் பெயரும் சாய்வெழுத்தில் வரும். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் சில எழுத்துருக்களில் கொம்பும் சுழியும் மோதிப் படிக்க முடியாது போகும். துறை ஒப்புக்கொண்டால் தமிழ்த் தலைப்புகளைத் தடித்த எழுத்தில் வையுங்கள். கட்டுரைத் தலைப்பு ஏபிஏ முறையில் சாதாரண எழுத்தில், எம்எல்ஏ முறையில் மேற்கோள் குறிக்குள் வரும்.

நூல் விவரங்களைச் சேமித்துப் பட்டியலாக்கும் ஜோட்டேரோ போன்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், தமிழ்ப் பெயரை ஒரே கட்டத்தில் "சு. முத்துக்குமார்" என்று போடாமல், முத்துக்குமார் என்பதைக் கடைசிப்பெயர்க் கட்டத்திலும் "சு." என்பதை முதற்பெயர்க் கட்டத்திலும் பிரித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் அவர் "சு" வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். தமிழ்ப் பதிவுகளில் ஆங்கில இணைப்புச்சொற்கள் தானாக நுழைந்திருக்கும். அவற்றைக் கடைசியில் கையால் மாற்ற வேண்டும்.

அனுப்புவதற்கு முன் பட்டியலைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மேற்கோளாக வந்து, பட்டியலில் அதற்குரிய பதிவின் அருகே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பதிவே இல்லாத மேற்கோளை அப்போதே எழுதிச் சேருங்கள். ஏபிஏ, எம்எல்ஏ முறையில் எழுதியிருந்தால், கோடு விழாமல் மிஞ்சிய பதிவுகளை நீக்குங்கள். "பார்வை நூல்கள்" என்ற தலைப்பில் படித்ததை எல்லாம் சேர்க்க உங்கள் துறை அனுமதித்தால் மட்டும் அவை இருக்கட்டும்.